சிங்கத்தின் அலட்சியம்

கென்யாவில் மசாய் மாராவின் புல்வெளியில் மரம் குறைவு. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் நிழல் தேடும் சிங்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஓடைக்கரைப் புதர், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் லேண்ட் குரூசர். பெண் சிங்கம் எழுந்து வண்டியைப் பார்த்து நேராக நடந்து வரும். உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சே நின்றுவிடும். அது பாட்டுக்கு வந்து, பின்சக்கரத்தை ஒட்டிப் பொத்தென்று சரிந்து, டயரில் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்தால் காதோரம் மொய்க்கும் ஈக்களை எண்ணலாம். இரை நிறைந்த வயிறு ஏறி இறங்குவது தெரியும். ராத்திரி தின்றதன் இரத்தம் தாடையில் காய்ந்து கறுத்திருக்கும். 600 எம்.எம். லென்ஸை மடியில் வைத்திருப்பவர் பாடுதான் பாவம். அத்தனை பணம் போட்டு வாங்கிய லென்ஸுக்கு ஃபோகஸ் ஆகாத கிட்டத்தில் சிங்கம் படுத்திருக்கிறது.

அப்போது யாராவது ஒருவர் கிசுகிசுப்பாக, கட்டாயம் கேட்பார்: "சார், நாம இங்க இருக்கறது அதுக்குத் தெரியாதா?"

நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பொருட்படுத்தாமல் கிடக்கிறது. ஆப்பிரிக்காவில் காட்டுயிர் ஒளிப்படச் சுற்றுலா என்று ஒரு தொழில் நடக்கிறதென்றால், அது இந்த அலட்சியத்தின் மேல்தான் நடக்கிறது. கேமரா கம்பெனி, விமானக் கம்பெனி, ஆற்றங்கரைக் கூடார விடுதி, சென்னையிலும் பெங்களூரிலும் ஆள் திரட்டி மும்பை வழியாக நைரோபிக்குக் கூட்டிப்போகும் என் போன்றவர்கள் என்று எல்லோருக்கும் சோறு போடுவது, அந்தப் பெண் சிங்கம் நம்மைக் கண்டுகொள்ளாமல் விட்ட பெருந்தன்மை. பெருந்தன்மை என்பதுகூட நாம் சூட்டும் பட்டம். அதற்கு நிழல் வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியும் அதற்குள் இருக்கும் மனிதர்களும் சேர்ந்து விலங்கின் கண்ணுக்கு ஒரே உருவமாகத் தெரிகிறார்கள் என்று வழிகாட்டிகள் வழிவழியாகச் சொல்வார்கள். யாராவது கூரைக்கு மேலே உடம்பை நீட்டினாலோ, கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாலோ, அதே சிங்கத்தின் முகம் மாறிவிடும். நம் பக்கத்திலும் இது தெரிந்த சங்கதிதான். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தன் காட்டுயிர்ப் படங்களில் பலவற்றை யானை முதுகில் இருந்தபடி எடுத்தார். யானைமேல் உட்கார்ந்திருக்கும் மனிதனைக் காட்டெருது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கீழே இறங்கி நின்றால் கதை வேறு.

இந்த அலட்சியம் மாராவில் தானாக முளைத்ததில்லை. 1909இல், அமெரிக்க அதிபர் பதவியை விட்ட கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் வந்து இறங்கினார். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கிறோம் என்று பெயர். தந்தையும் மகன் கெர்மிட்டுமாகச் சுட்டது 512 உயிர்கள். கணக்கை அவரே தன் புத்தகத்தில் பட்டியலாகக் கொடுத்திருக்கிறார். அந்தப் பயணத்தின் ஒளிப்படக்காரரும் கெர்மிட்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கார்ல் கேயார்க் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர், இன்றைய தான்சானியப் பகுதியில் இரை கட்டிவைத்து, விலங்கு கம்பியில் இடறினால் பளிச்சென்று ஃப்ளாஷ் எரியும்படி இரவுப் படங்கள் எடுத்தார். அவருடைய நூலின் தலைப்பிலேயே ஃப்ளாஷும் துப்பாக்கியும் சேர்ந்து இருந்தன. எடுக்கிறவனும் சுடுகிறவனும் ஒரே ஆள் என்பதில் அந்தக் காலத்தில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

டெனிஸ் ஃபிஞ்ச் ஹாட்டனுக்கு உறுத்தியது. பணக்காரர்களை வேட்டைக்கு அழைத்துப் போவதுதான் அவருக்குப் பிழைப்பு. 1928இல் வேல்ஸ் இளவரசரையே கூட்டிப்போனவர். காரில் துரத்திப்போய் சிங்கத்தைச் சுட்டுவிட்டு வீரம் பேசுகிறவர்களைக் கண்டித்து லண்டன் டைம்ஸுக்கு எழுதினார். தன் விருந்தினர்களைத் துப்பாக்கியிலிருந்து கேமரா பக்கம் திருப்பப் பார்த்தார். 1931இல் விமானம் விழுந்து செத்துப்போனார். ங்கோங் மலையில் அவரைப் புதைத்த மேட்டில் சிங்கங்கள் வந்து படுத்திருப்பதைப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டதை எழுத்தாளர் கேரன் பிளிக்ஸன் எழுதிவைத்தார். கல்லறையில் இருப்பவரைப் பற்றி அந்தச் சிங்கங்களுக்கு ஒன்றும் தெரியாது. உயரமான இடம், காற்று வரும், நாலு பக்கமும் பார்க்கலாம்.

கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. பெண் சிங்கம் காட்டில் தப்பிப் பிழைத்தால் பதினைந்து வருடம் போல இருக்கும். இன்றைக்கு டயர் நிழலில் தூங்குகிறவளுக்கும், கடைசியாக வேட்டைக்காரனின் வண்டியைக் கண்டு ஓடியவளுக்கும் நடுவில் எத்தனையோ தாய்கள் வந்து போய்விட்டார்கள். வண்டி வந்தது, நின்றது, போய்விட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று ஒவ்வொரு தாயும் பார்த்தாள். அவள் ஓடாததைப் பார்த்துக் குட்டிகளும் ஓடவில்லை. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது, பாட்டன் போட்டுவைத்த வைப்புநிதி மாதிரி. நாமெல்லாம் வட்டியில் சாப்பிடுகிறோம்.

எல்லா விலங்குக்கும் இந்த நிம்மதி வந்துவிடவில்லை. ஈலண்ட் என்று ஒரு மான் இருக்கிறது. மான் என்று பெயர்தான், காங்கேயம் காளை அளவுக்கு நிற்கும். வண்டி வெகுதூரத்தில் வரும்போதே கூட்டமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடும். மசாய் மக்கள் பொதுவாகக் காட்டு விலங்கைத் தின்பதில்லை, மாட்டுச் சாயலில் இருப்பதால் ஈலண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பார்கள் வழிகாட்டிகள். மாராவுக்குப் போய்வரும் எங்கள் எல்லோரிடமும் ஈலண்டின் பின்பக்கப் படங்கள் நிறைய இருக்கும்.

சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் சாமான் பற்றித்தான். எந்த லென்ஸ், எத்தனை கார்டு, ஒரு பாடி போதுமா இரண்டு வேண்டுமா. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சின்ன விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் என்றதும் முகம் வாடும். பிறகு ஒருநாள் சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றிலும் லென்ஸைத் திணித்துக்கொண்டு, நடமாடும் கேமராக் கடையாக வந்து நிற்பார்கள். பீன் பேக்கைக் காலியாக எடுத்துவரச் சொல்வோம். அங்கே போய் அரிசியோ பயறோ போட்டு நிரப்பிக்கொண்டால் ஜன்னல் விளிம்பில் லென்ஸ் ஆடாமல் உட்காரும். ஒரு வரிசைக்கு ஒருவர், இரண்டு பக்க ஜன்னலும் அவருக்கே. இதெல்லாம் சொல்லித் தர அரை நாள் போதும். கேமரா சமாச்சாரமும் வரவரச் சுருங்கிவிட்டது. புல்லுக்குள் மறைந்திருக்கும் சிறுத்தையின் கண்ணை இன்றைய கேமரா அதுவாகவே தேடிப் பிடிக்கிறது, சத்தமே இல்லாமல் நொடிக்கு முப்பது படம் எடுத்துத் தள்ளுகிறது. ஷட்டர் வேகம் என்ன, ஐஎஸ்ஓ என்ன என்று கத்திக்கொண்டிருந்த என் போன்றவர்களுக்கு அந்த வகையில் வேலை போயிற்று.

மிச்சம் இருப்பது விலங்கு. கிளையில் உட்கார்ந்திருக்கும் கழுகு பறக்கப்போகும் முன் உடம்பை முன்னால் சாய்த்து எச்சமிடும். அதைக் கவனிக்கிறவனுக்கு இறக்கை விரிந்த படம் கிடைக்கும், கவனிக்காதவனுக்கு வெறும் கிளை. பகலெல்லாம் செத்த மாதிரி கிடந்த சிங்கக் கூட்டம் சாயங்காலம் அடுத்தடுத்துக் கொட்டாவி விட ஆரம்பித்தால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். ஒன்று எழுந்து நெட்டி முறிக்கும், ஒதுங்கும், மற்றதன் முகத்தோடு முகம் உரசும், அப்புறம் நடை. ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றால் அங்கே ஏதோ படுத்திருக்கிறது. இவற்றைப் படித்துச் சொல்வதுதான் தொழில் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் ஆள் சேர்க்கிறேன், பொய்யும் இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் அடியில் இன்னொரு படிப்பு இருக்கிறது. விலங்கு உண்மையிலேயே நம்மைப் பொருட்படுத்தவில்லையா, பொருட்படுத்தாதது போல நிற்கிறதா என்பது. பாதை ஓரத்தில் ஒரு யானை. வண்டியை நிறுத்துகிறோம். யானை புல்லைப் பிடுங்குகிறது, நம் பக்கம் பார்க்கவே இல்லை. "ஒண்ணும் பண்ணல சார், அதுபாட்டுக்கு மேயுது, இன்னும் கொஞ்சம் முன்னால போலாம்" என்பார் பின்சீட்டுக்காரர். உற்றுப் பார்த்தால் பிடுங்கின புல் வாய்க்குப் போகவில்லை. தும்பிக்கை அதைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும்பி முன்னும் பின்னுமாக ஆடுகிறது. என்ன செய்வது என்று முடிவுக்கு வராத யானை அப்படித்தான் ஆட்டும் என்று யானைகளோடு காலம் கழித்த ஜாய்ஸ் பூல் போன்றவர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். அது மேயவில்லை, யோசிக்கிறது. நம்மைப் பற்றித்தான் யோசிக்கிறது. அந்த இடத்தில் முன்னால் போகாமல் இருக்க ஓட்டுநருக்கு வெறும் கண் போதாது, வண்டிக்குள் இருக்கும் நான்கு பேருடைய ஆசையைத் தாங்கும் தெம்பும் வேண்டும்.

இந்த விஷயத்தில் பரிதாபத்துக்குரியது சிவிங்கிப்புலி. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் உலவுவதால், அவற்றின் கண்ணில் படாமல் பிழைக்க அது பகலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பகலைத்தான் நாமும் பிடித்துக்கொண்டோம். காலையிலும் மாலையிலும் நமக்கு நல்ல வெளிச்சம் இருக்கும் நேரம்தான் அதற்கு வேட்டை நேரம். போதாக்குறைக்கு அது மெலிந்த உடம்பு, சண்டைக்கு நிற்காது. ஓடிக் களைத்துப் பிடித்த இரையைக் கழுதைப்புலி வந்து கேட்டால் விட்டுவிட்டுப் போய்விடும். சிங்கம் எரிச்சலில் உறுமும், யானை காதை விரித்துத் தலையை உலுக்கும். சிவிங்கிப்புலிக்கு அப்படி மறுப்புச் சொல்லத் தெரியாது. பேசாமல் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். நாமும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்போம்.

2018இல் ஃபெம்கே ப்ரூக்ஹவுஸ் என்ற ஆய்வாளர் மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். சுற்றுலா வண்டிகள் குறைவாகப் போகும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் 0.2. வண்டி ஏறிச் செத்ததற்கெல்லாம் சான்று இல்லை. யாரும் எதையும் சுடவில்லை, அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. வந்தார்கள், பார்த்தார்கள், படமெடுத்தார்கள், போனார்கள். அதற்கே இந்த வித்தியாசம். "படத்தைத் தவிர வேறெதையும் எடுத்துச் செல்லாதீர்கள்" என்று உலகத்திலுள்ள எல்லாக் காட்டு வாசலிலும் எழுதிவைத்திருக்கிறோம். படத்தோடு சேர்த்து அந்தத் தாயின் காலை நேரத்தையும் எடுத்து வருகிறோம் என்பது பலகை எழுதியவருக்குத் தெரியாது. ரூஸ்வெல்ட்டிடமாவது கணக்கு இருந்தது.

அந்தக் காலை நேரம் எப்படிப் போகிறது என்பதை ஒருமுறை முழுதாகப் பார்க்க நேர்ந்தது. கரையான் புற்றின் மேல் தாய். புற்றுக்குக் கீழே, முதுகெல்லாம் சாம்பல் நிற மயிர் சிலிர்த்த மூன்று குட்டிகள். எதிரே சரிவில் தாம்சன் மான்கள், ஒன்று கூட்டத்தை விட்டு விலகி மேய்ந்துகொண்டிருந்தது. தாயின் தலை தாழ்ந்து தோள்பட்டைக்கு நேராக வந்துவிட்டது. எங்கள் வண்டி இரண்டாவதோ மூன்றாவதோ. ஓட்டிவந்தவர் அந்தப் பக்கத்துக் கிராமத்து மசாய்க்காரர், தலை நரைத்தவர். வானொலிப் பெட்டியில் சுவாஹிலியில் 'டுமா', அதாவது சிவிங்கிப்புலி, என்று யாரோ சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தூசி தெரிந்தது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஐந்து வண்டியும் 25 மீட்டர் தள்ளித்தான் நின்றன. ஆறாவதும் ஏழாவதும் எட்டாவதும் அவற்றுக்குப் பின்னால் முறை பார்த்து நின்றன. சுற்றிவர ஒரு வேலி போட்ட மாதிரி ஆகிவிட்டது, விதி மீறல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

தாய் இறங்கி, புல்லோடு புல்லாக நடக்கத் தொடங்கியதும் வண்டிகளும் நகர்ந்தன. எல்லோருக்கும் அது நேரே ஓடிவரும் படம் வேண்டும், ஹெட் ஆன். அதற்கு மான் இருக்கும் பக்கம் போய் நிற்க வேண்டும். எங்கள் ஓட்டுநரும் வண்டியைக் கிளப்பினார். எங்கள் ஆட்கள் லென்ஸைத் தூக்கிக்கொண்டு தயாரானார்கள். அவர் ரிவர்ஸ் எடுத்து, வந்த வழியே போய், அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மேட்டில் நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"என்ன சார் இது? எல்லாரும் முன்னால போறாங்க, நாம மட்டும் பின்னால வந்துட்டோம்?" கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், பம்ப் தொழில் செய்கிறவர், எங்கள் குழுவிலேயே நல்ல கண் உள்ளவர், என்னிடம் கேட்டார். நான் ஓட்டுநரைப் பார்த்தேன்.

"அவள் ஓட வேண்டிய பாதையில் நின்றுகொண்டிருந்தேன்" என்றார் அவர்.

அன்று வேட்டை நடக்கவில்லை. வண்டிகளின் அசைவில் தாம்சன் மான்கள் தலை தூக்கிவிட்டன. தூக்கிய தலையோடு நிற்கும் மானைத் துரத்திச் சிவிங்கிப்புலி தன் மூச்சை வீணாக்காது. திரும்பி வந்து குட்டிகளோடு படுத்துவிட்டது. தொலைநோக்கியில் பார்த்தபோது, குட்டிகளின் வயிறு ஒட்டி, இடுப்பெலும்புக்கு முன்னால் பள்ளம் விழுந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர் மதியச் சாப்பாடு வரை யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, சமாதானம் சொல்லும் தொனியே இல்லாமல், "நீங்கள் அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவீர்கள். நான் அவளை நாளைக்கும் பார்க்க வேண்டுமே" என்றார்.

இதைக் கேட்டு ஓட்டுநர்கள் எல்லாம் ஞானிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கு மானுக்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான், விலங்கைப் பற்றி அதே அளவு தெரிந்தவர்கள்தான். பின்சீட்டில் இருப்பவர் கடைசி நாளில் கொடுக்கும் டிப்ஸ் அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடக் கட்டணம். ஜூலை முதல் டிசம்பர் வரை ரிசர்வுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நாளுக்கு 200 டாலர். அதைக் கொடுத்து வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். என் அனுபவத்தில் காட்டைக் கெடுக்கும் சொற்களில் முதல் இடம் "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம்" என்பதற்கு. அதனால் போய்ச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலமே, ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிப்ஸ் இவ்வளவு, வேட்டைக் காட்சி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவ்வளவுதான் என்று பேசி முடித்துவிடுவேன். கேமரா வகுப்பெல்லாம் அதற்கப்புறம். மாராவின் நன்மைக்காக நான் செய்யும் உருப்படியான காரியம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் கூட்டம் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாரா பற்றிப் பேசியதாகவே கணக்கில்லை, ஆனால் அதைப் பற்றித் தொலைக்காட்சி நிறையச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து குவியும், மணிக்கணக்கில் நிற்கும், ஒன்று தண்ணீரில் கால் வைக்கும், பின்வாங்கும், சில நேரம் அத்தனையும் திரும்பி மேயப் போய்விடும். வருடத்துக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் மாரா ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றின் சதை மீனுக்கும் முதலைக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் போக, எலும்பு பல வருடம் கரைந்து ஆற்றுக்கே உரமாகிறதாம். அந்தச் சாவுகளில் நமக்குப் பங்கில்லை. ஆனால் 2025 ஜூலையில் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் செரங்கெட்டியில், பயணிகள் வண்டிகளை விட்டு இறங்கி ஆற்றங்கரையில் திரளாக நின்று, கடக்க வந்த கூட்டத்தின் வழியை மறித்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. மந்தை எது என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது.

மாரா ரிசர்வைச் சுற்றி இப்போது மசாய் மக்களின் சொந்த நிலங்களைச் சேர்த்து உருவாக்கிய காப்பு நிலங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த். நிலக்காரர்களுக்கு மாதாமாதம் வாடகை வருகிறது, பதிலுக்கு அவர்கள் மாடு மேய்ப்பதை முறைப்படுத்திக்கொள்கிறார்கள், வேலி போடாமல் இருக்கிறார்கள். வண்டி எண்ணிக்கைக்கு அங்கே கண்டிப்பு அதிகம், விலையும் அதிகம். ராத்திரி பட்டிக்குள் சிங்கம் புகுந்து மாட்டைக் கொன்றால் மறுநாள் ஈட்டியை எடுக்காமல் இருக்கிறவனும் அந்த நிலக்காரன்தான். சிங்கம் நம்மைக் கண்டு பதறாமல் இருப்பதற்கு அவனும் மாடு கொடுத்திருக்கிறான். விடுதியில் குளிர்ந்த துண்டும் எலுமிச்சைச் சாறும் நீட்டும் கையை நாம் பார்க்கிற அளவுக்கு இதை யாரும் பார்ப்பதில்லை.

இத்தனையும் தாண்டி மனிதர்கள் எதற்காக அங்கே போகிறார்கள் என்று பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படத்துக்காக என்றால், நம் எல்லோரையும் விட நல்ல படங்கள் எப்போதோ எடுத்தாகிவிட்டது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் வண்டியில் பேச்சு ஓயாது, கேமரா ஓயாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ யாராவது ஒருவர் சிங்கத்தின் முன்னால் கேமராவை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். படம் போதும் என்று ஆகியிருக்காது. வேறு ஏதோ நடந்திருக்கும்.

ஊரில் நம்மைச் சுற்றியிருக்கும் எல்லாம் நம்மைப் பார்த்தபடியே இருக்கிறது. கைப்பேசி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். நாய் நமக்காக வாலாட்டுகிறது, தொட்டிச் செடி நாம் ஊற்றும் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. மலைக்கோ கடலுக்கோ போனால்கூட, நமக்காக வரிசையாகக் கடை போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மைக் கேட்காமல், நமக்காக இல்லாமல், நம்மிடம் ஒன்றும் வேண்டாமல், தன்னளவில் முழுதாக ஒரு வாழ்க்கை கண்ணெதிரே நடப்பதை எப்போது பார்க்கிறோம்? சிங்கத்தின் கண் நம் மேல் விழும், நிற்காமல் தாண்டிப் போகும். பதவியும் பேரும் பணமும் உள்ள மனிதர்மேலும் அப்படித்தான். முதலில் அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும். அதனால்தான் சிலர் நாக்கைச் சொடுக்குவார்கள், ஜன்னலைத் தட்டுவார்கள், எப்படியாவது அதைத் தன் பக்கம் திரும்ப வைக்கப் பார்ப்பார்கள். அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் அந்த அவமானம் கரைந்து, தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி ஆகிறது. சிவிங்கிப்புலிக் காலைக்கு இரண்டு நாள் கழித்து அந்தக் கோயம்புத்தூர்க்காரர், எதிரே தூங்கும் சிங்கக் கூட்டத்தைப் பார்த்தபடி, "நான் இல்லாமயே எல்லாம் நடக்குது சார்" என்றார். சிங்கத்தைச் சொன்னாரா, ஊரில் விட்டுவந்த பட்டறையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. குரலில் வருத்தம் இல்லை.

நாம் இல்லாவிட்டாலும் உலகம் முழுமையாக இருக்கிறது. அங்கே போவது இதைக் கண்ணால் பார்க்கத்தான் என்று இப்போது நினைக்கிறேன். புத்தியால் எல்லோருக்கும் தெரிந்த சேதி, ஆனால் சிங்கம் நம்மைத் தாண்டிப் பார்க்கும்போதுதான் அது உடம்பில் இறங்குகிறது. விசித்திரம் என்னவென்றால், பார்க்கப் போகிறவன் கையை நீட்டிய மாத்திரத்தில் அது இல்லாமல் போய்விடுகிறது. விலங்கு நம் பக்கம் திரும்பிவிட்டால் நாம் பார்க்க வந்தது அங்கே இல்லை, நம்மைப் பற்றிய ஒரு கவலைதான் அந்த இடத்தில் நிற்கிறது. வண்டியை ஐம்பது மீட்டர் பின்னால் எடுப்பது அருளோ தியாகமோ இல்லை. கொடுத்த காசுக்குச் சரியான பொருளை வாங்க அது ஒன்றுதான் வழி.

இதையெல்லாம் குழுவில் நான் பிரசங்கமாகச் சொல்வதில்லை, சொன்னால் யாரும் மறுவருடம் வரமாட்டார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் லேப்டாப்பை நடுவில் வைத்து அன்றைய படங்களைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு பெண்மணி, சென்னையில் கண் மருத்துவர், தன் சிவிங்கிப்புலிப் படத்தைப் போட்டார். நேரே லென்ஸைப் பார்க்கிறது. இரண்டு விழியிலும் காலை வெளிச்சம் துல்லியமாகப் புள்ளி வைத்திருக்கிறது, ஒவ்வொரு மீசை மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்ட வேண்டிய படம்தான். நான், "டாக்டர், இதுக்கு முன்னால எடுத்ததைப் போடுங்களேன்" என்றேன். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். முப்பது நாற்பது படங்களில் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து நீண்டு, உடம்பு முழுக்க அந்தத் திசைக்கே இழுத்துக் கட்டின மாதிரி. பிறகு ஒரு படத்தில் காது மட்டும் நம் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கடுத்தது, முதலில் காட்டிய படம்.

"இங்க என்ன ஆச்சு?"

"யாரோ கதவை டப்புன்னு சாத்தினாங்க" என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "ஆனா சார், ஐ கான்டாக்ட் இல்லாத படத்தை யாரும் சீந்த மாட்டாங்களே. போட்டிக்கு அனுப்பினா முதல் ரவுண்டுலயே தூக்கிடுவாங்க."

தூக்கிவிடுவார்கள்தான். எந்தப் படத்தை அனுப்புவது என்று மேஜையில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்து, சூப் ஆறிப்போகும் வரை அது ஓயவில்லை. கோயம்புத்தூர்க்காரர் காது திரும்புவதற்கு முந்தைய படத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மற்ற ஐந்து பேரும் இன்னொன்றுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். காலையில் ஐந்தரைக்குக் காபி, ஆறு மணிக்கு வண்டி என்று சொல்லிவிட்டு நான் எழுந்தேன்.